லாபப் படி

எந்திரிக்காதீங்க தம்பி, எந்திரிக்காதீங்க. அப்படியே படியிலயே உக்காருங்க. முழங்காலைக் காட்டுங்க பாப்போம். தோலுதான் வழண்டிருக்கு, எலும்புக்கு ஒண்ணுமில்ல. இந்தாங்க, மொதல்ல தண்ணியக் குடிங்க. பெயிண்டுதான் பாதி கொட்டிப்போச்சு. கொட்டினாக் கொட்டிட்டுப் போகுது, நம்ம வரிப்பணம்தானே. நடக்கும்போது கீழ பாத்து நடக்க வேணாமா? கையில இருக்குற பேப்பரையே பாத்துக்கிட்டு வந்தா?

செவப்பு டப்பாவப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், முனிசிபாலிட்டியில இருந்து வாரீங்கன்னு. நடைபாதையில யாரு யாரு ஆக்கிரமிச்சிருக்கான்னு அடையாளம் போட வந்திருக்கீங்க. போடுங்க, நல்லாப் போடுங்க. உங்களை வரவழைச்சதே நான்தான். செண்பகவல்லின்னு ஒரு அம்மா ஓயாம போன் போடுதுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லியிருப்பாகளே? அந்தம்மா நான்தான். மொதல்ல நல்லாத்தான் பேசினாக. பெறகு என் குரலைக் கேட்டதுமே "சார் சாப்பிடப் போயிருக்காரு"ன்னு வச்சிருவாக. காலையில போட்டாலும் சாப்பாடு, சாயங்காலம் போட்டாலும் சாப்பாடு. அப்படி என்னதாம்மா சமைச்சுக் குடுத்து விடுறாக உங்க சாருக்குன்னு ஒருநா கேட்டேபுட்டேன்.

இந்த வரிசையில ஒரு வீடு விடாதீங்க. எல்லாத்துலயும் செவப்பு அடிங்க. எங்க வீட்டை மட்டும் விட்டுருங்க.

என்ன தம்பி சிரிக்கிறீங்க? இது ஆக்கிரமிப்பு இல்ல. இது படி. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. இருங்க, அவசரப்படாதீங்க, கால் வலி தீரட்டும். வெவரமாச் சொல்றேன், கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. பொறந்ததுல இருந்து இல்ல. மில்லுல டைம்கீப்பரா இருந்தாக, ஊரு மணியெல்லாம் அவுக கைக்குள்ள. ரிட்டயர்டு ஆன கையோட கண்ணுல நீர் அழுத்தம் வந்து, ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டே வந்து, கடைசியில வெளிச்சம் இருட்டு மட்டும்தான்னு ஆகிப்போச்சு. அழுதாகளா? இல்லையே. ஒரு வெள்ளைக் குச்சியை வாங்கிக்கிட்டு, "நான் எப்பவும் போல அமல்ராஜ் கடைக்குப் போவேன்"னுட்டாக. அமல்ராஜ் பஸ் ஸ்டாண்டு முக்குல வாட்ச் ரிப்பேர் பண்றவரு. மில்லு காலத்துச் சிநேகிதம். கண்ணு தெரியாத ஆளுக்கு வாட்ச் கடையில என்ன வேலைன்னு கேக்காதீங்க. நானும் கேட்டேன். "அம்புட்டு வாட்ச்சும் ஓடுற சத்தம் கேக்க நல்லாருக்கு"ன்னாக. என்னத்தச் சொல்ல?

ஆனா ஒண்ணு. யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடிச்சா ஒதறிருவாக. நான் பிடிச்சாலும் ஒதறுவாக, மாப்பிள்ளை பிடிச்சாலும் ஒதறுவாக. "என்னைய ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போகாதீக"ன்னு அன்னைக்கு மாப்பிள்ளைகிட்டயே சொல்லிட்டாக. ரோசக்கார மனுசன்.

அப்ப இங்க நடைபாதை ஏது? சாக்கடை மூடி பாதி இருக்கும், பாதி இருக்காது. மிச்ச எடத்துல லோடு ஆட்டோவ நிப்பாட்டியிருப்பானுக. ரோட்டுலதான் நடக்கணும். ஒருநா ஒரு பைக்குக்காரப் பய இடிச்சுத் தள்ளிட்டு, "கண்ணு தெரியலையாய்யா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். பாத்துக்கிடுங்க. தெரியலைன்னுதானே அவுக வெள்ளைக் குச்சி வச்சிருக்காக!

அன்னையில இருந்து நான் வெளிய விடல. கதவைச் சாத்திட்டேன். அவுக செவத்தைப் பாத்து உக்காந்தாக. சோறு வச்சா ரெண்டு வாய். டிவியப் போட்டா, "நிப்பாட்டு". பேத்தி போன்ல கூப்பிட்டா, "அப்பறம் பேசுறேன்". கண்ணு போனப்ப கூட மனுசன் அப்படி ஆகல. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா இவுகளை நானே கொன்னுருவேன் போலிருந்துச்சு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், இந்த ரோட்டுக்கு நடைபாதை வராம நான் ஓயப்போறதில்லன்னு.

கேளுங்க கூத்தை. எலக்சன் வந்துச்சா? பொன்னுரங்கம்னு ஒரு ஆளு, இந்த வார்டுக்கு நின்னவரு, கும்பிட்டுக்கிட்டே வந்தாரு, பின்னாடி ஒரு கூட்டம், மேளம். "அம்மா, மறந்துராதீங்க"ன்னாரு. மறக்க மாட்டேன், ஓட்டுப் போடுறேன், ஆனா ஒரு காரியம் பண்ணணும்னேன். அவரு தோள்ல கெடந்த துண்டையே உருவி அவரு கண்ணைக் கட்டினேன். கூட்டம் கொல்லுன்னு சிரிக்குது. இவுக குச்சியை அவரு கையில குடுத்து, "இங்க இருந்து முக்கு வரைக்கும் போயிட்டு வாங்கய்யா, போதும்"னேன். வேணாம்னு சொல்ல முடியுமா? அம்புட்டுப் பேரும் செல்போன்ல படம் பிடிக்கானே! சிரிச்சுக்கிட்டேதான் கெளம்பினாரு. மொத மூடியிலயே கால் உள்ள போச்சு. தூக்கி நிப்பாட்டினோம். அடுத்தாப்புல கரண்ட் கம்பத்தோட இழுவைக் கம்பியில நெத்தியைக் குடுத்தாரு. அந்த நேரம் பாத்து ஒரு பஸ்ஸு ஆரன் அடிச்சானா? மனுசன் அப்படியே லோடு ஆட்டோவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, "அவுத்து விடுங்க, அவுத்து விடுங்க"ன்னு கத்துறாரு.

அந்தத் துண்டை நான் திருப்பிக் குடுக்கல. ஜெயிச்ச பெறகு, அவரு எங்க கூட்டம் போட்டாலும் மொத வரிசையில போயி உக்காந்து அந்தத் துண்டை மடியில விரிச்சு வச்சுக்கிடுவேன். வாயே தொறக்க மாட்டேன். துண்டைப் பாத்ததும் அவரு பேச்சு குழறும். அந்த ஆடி முடிஞ்சு ஆவணியில வேலை ஆரம்பிச்சிருச்சு. யாரு வாங்குன நடைபாதை இது, சொல்லுங்க? இந்தச் செண்பகவல்லி வாங்குன நடைபாதை.

என்னமா போட்டாங்க தெரியுமா? பஸ் ஸ்டாண்டு முக்குல இருந்து தெப்பக்குளம் வரைக்கும் ஒசத்தி, கல்லுப் பதிச்சு, நடுவால மஞ்சக் கல்லு ஒரு வரிசை. அந்த மஞ்சக் கல்லு மேல கோடு கோடாப் பொடைச்சிருக்கும். கண்ணு தெரியாதவுக காலை வச்சாலே தெரிஞ்சுரும், அதைப் பிடிச்சே போயிரலாம். மொத நாளு இவுக செருப்பைக் கழட்டிட்டு அந்தக் கோட்டை வெறுங்காலால தடவிப் பாத்தாக. பெறகு நிமுந்து நின்னு, "செண்பகம், நீ உள்ள போ"ன்னாக. குச்சியைச் சுத்திக்கிட்டு, மில்லு ஷிப்டுக்குப் போற நடை. நான் இந்த வாசல்ல நின்னு அழுதேன் தம்பி. சொல்றதுக்கு வெக்கம் என்ன, ஓன்னு அழுதேன்.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இந்தப் படி விசயம்தான் என் கண்ணுல லேட்டாப் பட்டுச்சு.

எங்க வீட்டுக்கு மூணு படி. மாமனாரு கட்டின வீடு. படியை எப்படி எண்ணணும்னு உங்களுக்குத் தெரியும்ல? கீழ இருந்து லாபம், நஷ்டம், லாபம். கடைசிப் படி லாபத்துல முடியணும். இவனுக நடைபாதைய ஒசத்தினானுகளா, அடிப் படி மண்ணுக்குள்ள போயிருச்சு. இப்ப எண்ணுங்க. லாபம், நஷ்டம். முடிஞ்சது! நஷ்டத்துல ஏறி வீட்டுக்குள்ள போறோம், நஷ்டத்துல எறங்கி வெளிய வாரோம். எஞ்சினியருன்னு படிச்சு வாரவுகளுக்கு இது தெரிய வேணாமா?

நானும் கண்டுக்கிடாமத்தான் இருந்தேன். அடுத்தடுத்து வந்துச்சு பாருங்க. மிக்சி பொகைஞ்சு போச்சு. கொழுந்தன் மகளுக்குப் பேசி முடிச்ச சம்மந்தம் தட்டிப்போச்சு. மொட்டை மாடியில காயப்போட்ட வடகம் பூராவும் திடீர் மழையில கரைஞ்சுச்சு. சித்திரையில மழை பெய்யுமா தம்பி? எங்க வீட்டு வடகத்துக்குப் பெய்யுது!

இவுககிட்டச் சொன்னேன். சிரிக்காக. "நெலப்படியையும் சேத்து எண்ணு. லாபம், நஷ்டம், லாபம். சரியாப் போச்சா?"ன்னாக. கதவு நிலையில கீழ இருக்குமே குறுக்குக் கட்டை, அதைத்தான் சொல்றாக. நான் விடுவேனா? அதையும் சேத்து எண்ணுனா, முந்தி மூணு படி இருந்தப்ப நாலு ஆகுதே! அப்ப நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து நாப்பது வருசமா இந்த வீட்டுல நஷ்டத்துலதான் வாழ்ந்தோமா? உங்களைக் கட்டிக்கிட்டது, பிள்ளை பெத்தது, பேத்தி எடுத்தது எல்லாம் நஷ்டக் கணக்கான்னு கேட்டேன். "அதை நான் சொல்லல தாயி"ன்னு குச்சியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாக. இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தா நடக்குறதே வேறன்னுட்டேன்.

மறுநாளே கொத்தனாரு இருளப்பனைக் கூப்பிட்டேன். நடைபாதை மேல தாழ்வா ஒரு படி வையிடான்னேன். பேருக்கு ஒரு படி. ஆனா படின்னு ஒண்ணு வச்சா ரெண்டு பொம்பளைக உக்காந்து கீரை ஆயுற அளவுக்காவது இருக்கணும்ல? அதனால கொஞ்சம் அகலமா. "அக்கா, மஞ்சக் கல்லு உள்ள போயிருமே"ன்னான். எனக்குத் தெரியாதா? யாருக்காக வாங்குன மஞ்சக் கல்லு அது? அவன் வீட்டுல காண்ட்ராக்டரு விட்டுட்டுப் போன மஞ்சக் கல்லு ஒரு குவியல் கெடந்துச்சு. அதுல கொண்டுவந்து என் படி மேலயும் ஒட்ட வச்சேன். இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான். தடவிப் பாருங்க. இதுக்கு மேல எவ பாத்துப் பாத்துச் செய்வா?

இவுககிட்டயும் சொல்லி வச்சேன். "இங்க பாருங்க, வரும்போது டைலர் சுல்தான் மெஷின் சத்தம் கேக்கும். அதைத் தாண்டி அடுத்து எந்தப் படியில மஞ்சக் கல்லு காலுல தட்டுதோ, அது நம்ம வீடு. யாரையும் கேக்க வேணாம், நேரா ஏறிக் கதவைத் தட்டுங்க"ன்னேன். ஏன்னா சுல்தானுக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்குறது ஸ்டெல்லா டீச்சர் வீடு, அங்க நடைபாதை சும்மா சமதளமாத்தான் கெடந்துச்சு. இப்பச் சொல்லுங்க. வீடு வந்துருச்சுன்னு கண்ணு தெரியாத மனுசனுக்குச் சொல்ற படி இது. இது போயி ஆக்கிரமிப்பா?

ஊரு சும்மா இருந்துச்சா? நான் ஒண்ணு வச்சதும் ஆளாளுக்கு வச்சானுக. சுல்தான் அவரு மொபெட்டை ஏத்துறதுக்குச் சறுக்கு வச்சாரு. அதுக்கு அந்தப் பக்கம் பேன்சி ஸ்டோரு, அதுக்கு அந்தப் பக்கம் வக்கீலு வீடு. எல்லாருக்கும் அதே இருளப்பன்தான், அதே மஞ்சக் கல்லுதான். அதை ஒட்டிட்டா அதிகாரி வந்து இடிக்க மாட்டாருன்னு எவனோ கெளப்பிவிட்டுட்டான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நடைபாதையில படி வச்சா மனுசன் எங்கய்யா நடப்பான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னு கேட்டேன். "உங்க வீட்டுல மட்டும்?"ங்கிறானுக. நான் பேசுறது நடைபாதையைப் பத்தி, அவன் பேசுறது என் வீட்டைப் பத்தி! புத்தி அப்படிப் போகுது.

ஸ்டெல்லா டீச்சர் ஒருத்திதான் வைக்காம இருந்தா. "எங்களுக்கு லாபம் நஷ்டமெல்லாம் கெடையாது, செண்பகம்"னு பெருமையாச் சொன்னா. சொன்னவ என்ன பண்ணா தெரியுமா? இன்னைக்கு மத்தியானம் இவுக வாட்ச் கடைக்குப் போன பெறகு, இருளப்பன் சிமெண்டுல வார்த்து வச்ச பலகையைப் படியாக் கொண்டுவந்து எறக்கி, அதே மஞ்சக் கல்லை ஒட்டிட்டுப் போயிருக்கான். என்ன டீச்சர்னு கேட்டா, "முழங்கால் வலிக்குது, படி ஒசரமா இருக்கு"ங்கிறா. வலிச்சா தைலம் போடணும். அதுதான் அடுத்த நிமிசம் உங்க ஆபீஸுக்குப் போனைப் போட்டேன். இன்னைக்கு யாரோ சாப்பிடாம இருந்திருக்காக, நீங்க வந்துட்டீங்க.

இன்னொரு கொறையும் இருக்கு, அது உங்க இலாகா இல்லை, இருந்தாலும் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு காலைப் பாத்தா, முழங்காலுக்குக் கீழ பூராவும் கன்னிப்போயிக் கெடக்கு. பச்சையும் ஊதாவுமா. என்னன்னு கேட்டா, "அமல்ராஜ் கடை மேசை இடிச்சிருச்சு"ங்கிறாக. ஒருநா வேட்டி கிழிஞ்சிருக்கு. அதுக்கும் மேசைதான். நான் நேராப் போயி அமல்ராஜைப் பிடிபிடின்னு பிடிச்சிட்டேன். கண்ணு தெரியாத மனுசன் வந்து போற எடத்துல மேசையைப் போட்டு வச்சிருக்கீகளேன்னு. "தங்கச்சி, என் மேசை இருவது வருசமா இதே எடத்துலதான் இருக்கு"ங்கிறாரு. என்ன அழுத்தம் பாருங்க. வர வர லேட்டா வேற வாராக. முந்தியெல்லாம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வந்துருவாக. இப்ப இருட்டிருது. கேட்டா, "பையப் பைய வந்தேன்"ங்கிறாக. நடைபாதை போட்ட பெறகு வெரசா வரணுமா, பைய வரணுமா?

அந்தா. அந்தா வாராக பாருங்க. பேன்சி ஸ்டோருக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை. பாத்தீங்களா நடையை? தலை குனியாது.

ஐயய்யோ, எதுக்கு ரோட்டுல எறங்குறாக? அந்த ஸ்டோருக்காரன் படிக்காக எறங்குறாக தம்பி, பாத்துக்கிடுங்க, நல்லாப் பாத்துக்கிடுங்க. ஏய்! ஏய் ஆட்டோ! பாத்துப் போடா! ஏறிட்டாக. சுல்தான் சறுக்கு வருது. குச்சியால தட்டுறாக. தட்டுறதுக்கு முன்னாடி காலு இடிச்சிருச்சே! தடவிக்கிடுறாக. திரும்ப ரோட்டுல எறங்கி... பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது... போயிட்டான். ஏறிட்டாக.

இடிச்சது அந்த எடத்துலதான். பாத்தீங்கல்ல? முழங்காலுக்குக் கீழதானே இடிச்சுச்சு?

சரி. இப்ப மெஷின் சத்தம். காதைத் திருப்புறாக பாருங்க. அவுகளுக்குக் கணக்கு சுத்தமாத் தெரியும். மெஷினைத் தாண்டுனா அடுத்த மஞ்சக் கல்லு... 

ஏங்க! ஏங்க, அது இல்ல!

கேக்கலையே. மெஷின் சத்தத்துல கேக்கல. டீச்சர் படியில ஏறிட்டாக. செருப்பைக் கழட்டி ஓரமா வைக்காக பாருங்க, நம்ம வீட்டுல வைக்கிற மாதிரியே. கதவைத் தட்டுறாக. "செண்பகம், நான் வந்துட்டேன், கதவைத் தொற"ங்கிறாக. உங்களுக்குக் கேக்குதா? எனக்குக் கேக்குது. நான் சொன்ன அடையாளத்தைப் பிடிச்சு, நான் சொன்ன மாதிரியே, யாரையும் கேக்காம வந்திருக்காக.

டீச்சர் தொறந்துட்டா. என்னமோ சொல்றா. இவுக மொகத்தைப் பாருங்க தம்பி. வேணாம், பாக்காதீங்க. கையைப் பிடிச்சுட்டா. டீச்சர் அவுக கையைப் பிடிச்சுட்டா. இப்ப ஒதறுவாக பாருங்க.

ஒதறல. கையைக் குடுத்துட்டு நிக்காக.

எந்திரிங்க தம்பி. வலிச்சாலும் பரவாயில்ல, எந்திரிங்க. டப்பாவுல மிச்சம் இருக்குல்ல? இதுல போடுங்க. ஆமா, நீங்க உக்காந்திருந்த இந்தப் படியிலதான். என்ன முழிக்கீங்க? நல்லாப் பெருசாப் போடுங்க, முக்குல இருந்து பாத்தாத் தெரியணும். எங்க வீட்டுப் படி தப்புன்னு நான் சொல்லல, ஒருக்காலும் சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தெரு இருக்கே, நான் ஒண்ணு செஞ்சாத்தான் பின்னாலயே செய்யும். அது எனக்குத் தெரியும். நாளைக்கு இருளப்பன் கடப்பாரையோட வருவான், மொத அடி இங்க விழும், பெறகு நான் கூட வாரேன், ஒரு வீடு விடாம போவோம். பொன்னுரங்கம் துண்டு பீரோவுலதான் இருக்கு, அதையும் எடுத்துக்கிடுறேன்.

லாப நஷ்டமா? நெலப்படியையும் சேத்து எண்ணிட்டுப் போறேன். லாபம், நஷ்டம், லாபம். அந்த நாப்பது வருசம் நஷ்டத்துல போகுதுன்னா போகட்டும் தம்பி, நான் அவுககூட வாழ்ந்தது எனக்குத் தெரியும்.

போடுங்க, சீக்கிரம் போடுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரா பாருங்க. டீச்சர்! ஏ டீச்சர்! கையை விடு! விடுன்னா விடு, அவுகளே வருவாக!